நைல் கரையில் ஒரு சும்மாடு

“தண்ணி லாரி பின்னால கொடத்தத் தூக்கினு ஓடுன பொண்ணு நீ. ஆத்துல போயி இன்னா பண்ணப்போற?”

சொன்னவர் என் தாய்மாமன் சேகர். ஆவடி பக்கம் எங்கள் ஊர் வெள்ளானூர் முழுக்கத் தண்ணீர் லாரி ஓட்டுபவர். நான் குடத்தோடு ஓடிய லாரிகளில் பாதி அவருடையதுதான். அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

உகாண்டா நாட்டில், நைல் நதியில், ராஃப்டிங் கைடு வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன நாள் அது. அப்பா தன் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். “உடு மச்சான். படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியும்,” என்றார். எங்கள் வீட்டில் இந்த ஒரு வரி எல்லா வழக்கையும் முடித்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான்தான். அப்பா பேருந்துப் பலகைகளைப் படிக்கத் தெரியாமலே ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருபது வருடம் ஆட்டோ ஓட்டியவர். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு பேக்கிங். அதற்கு முன்பு சித்தாள்.

கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்ததால் எனக்குப் படகு கிடைத்தது. அப்புறம் மழைக்காலங்களில் கேரளத்து ஆறுகளில் கயாக், ரிஷிகேஷில் இரண்டு சீசன் ராஃப்ட். கயாக் என்பது ஒருவர் மட்டும் இடுப்புவரை நுழைந்து உட்காரும் ஒல்லிப் படகு. ராஃப்ட் என்பது ஆறேழு பேர் ஏறும் காற்றடித்த பெரிய படகு. இரண்டும் தெரிந்தவர்களைத்தான் நைலில் வேலைக்கு எடுப்பார்கள்.

எடுப்பார்கள் என்றால் உடனே அல்ல. மூன்று மாதம் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு நாள் தேர்வு. தேறினால் எனக்கென்று ஒரு ராஃப்ட். அதில் ஏறும் பயணிகளின் உயிர் என் பொறுப்பு. தேறாவிட்டால் ஊருக்கு விமானம். தெருவில் எல்லோரிடமும் நான் “கைடு வேலை” என்றுதான் சொல்லியிருந்தேன். “தேறினால்” என்ற சொல்லை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜிஞ்சா என்ற ஊருக்கு மட்டாட்டு என்கிற வேனில் போனேன். பதினான்கு பேர் என்று கதவில் எழுதியிருந்தது. நான் ஏறியபோது உள்ளே பத்தொன்பது பேரும் இரண்டு கோழிகளும் இருந்தன. நடத்துநர் வெளியே தொங்கியபடி “இன்னும் ஒருத்தர், ஒரே ஒருத்தர்” என்று கூவினார். மொழி தெரியாவிட்டாலும் எனக்கு அர்த்தம் தெரிந்தது. அப்பா இருபது வருடமாகக் கூவுவது அதைத்தான்.

வழியில் ரோலக்ஸ் சாப்பிட்டேன். கைக்கடிகாரம் இல்லை, சப்பாத்திக்குள் முட்டையும் தக்காளியும் கோஸும் வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். சப்பாத்தி எங்கள் நாட்டுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தது என்று கடைக்காரப் பெண் சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க அப்பாவோட சூப்பர் மார்க்கெட் எது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி மூன்று மாதமும் என்னை விடவில்லை. அங்கே இந்தியர் என்றால் முதலாளி. கடை, கரும்பாலை, மொத்த வியாபாரம் எல்லாம் அவர்கள் கையில். இந்தியருக்கு அங்கே முயிந்தி என்று பெயர். நான் நடந்து போனால் சின்னப் பிள்ளைகள் “முயிந்தி, பை!” என்று கத்துவார்கள். போடா என்று ஒரு வண்டி உண்டு. வைவதற்கான சொல் அல்ல, வாடகை பைக். அந்த ஓட்டுநர்கள் என்னைக் கண்டதும் கட்டணத்தை ஏற்றிவிடுவார்கள். எங்கள் பரம்பரையிலேயே முதலாளி என்று தவறாக நினைக்கப்பட்ட முதல் ஆள் நான்தான். சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

எங்கள் அணியில் மூன்று பேரைச் சொன்னால் போதும். வைஸ்வா, ஆற்றில் எல்லாப் படகுகளுக்கும் தலைவர், முப்பது வயது இருக்கும், எப்போதும் சிரிப்பவர். பபிரியே, பாதுகாப்புக் கயாக் ஓட்டுபவள், என் வயது, என் அறைத் தோழி. யாராவது ஆற்றில் விழுந்தால் முதலில் பாய்ந்து வருபவள். முகாசா, படகுகளை ஏற்றும் லாரியின் ஓட்டுநர், பெரிய உடம்பு, பெரிய குரல். எல்லோரும் என்னோடு ஆங்கிலம் பேசுவார்கள், தங்களுக்குள் லுசோகா. எல்லாவற்றையும் இங்கே நம் தமிழில் தருகிறேன்.

மறுநாள் காலை நைலை முதன்முதலாகப் பார்த்தேன். செம்பரம்பாக்கம் ஏரியை ஒரு பக்கம் சாய்த்து ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு தண்ணீர். ரிஷிகேஷில் கங்கை கடிக்கும் குளிர். இது குளித்துவிட்டு வந்த உடம்புபோல வெதுவெதுப்பு. ஆறு நுரைத்து இறங்கும் இடத்தை ரேபிட் என்பார்கள். ஒரு ரேபிட் முடிந்ததும் அரை மைல் குளம்போலத் தூங்கும். பாறைமேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. எங்கள் ஏரியில் நிற்பவை போலவேதான்.

கரையில் மஞ்சள் கேன்கள் வரிசையாக நின்றன. ஆள் யாரும் இல்லை, கேன்கள் மட்டும். பெண்கள் மர நிழலில் அரட்டை. நான் பபிரியேவிடம், “முதல் கேன்காரி எழுந்திரிக்காம ரெண்டாவது கேன் நகராது, சரியா?” என்றேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். “எங்க தெருவுல அது பிளாஸ்டிக் குடம்,” என்றேன். சேகர் மாமா அங்கே இருந்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு பாறைமேல். போஷோ என்று வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களி, மேலே பீன்ஸ் குழம்பு. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த கைக்கு அதை உருட்டத் தெரிந்தது. பிறகு ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் கைமாறி வந்தது. எல்லோரும் வாய்வைத்துக் குடித்தார்கள். என் முறை வந்தபோது வழக்கம்போல அண்ணாந்து, பாட்டில் உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தேன். அவர்களுக்கு அது வித்தை. “பாரு, குழாய்!” என்று முகாசா கத்தினார். பபிரியே தானும் செய்து பார்த்து மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. ஒருநாள் முகாசா என் கையில் ஒரு புது பாட்டிலைக் கொடுத்து, “இது உனக்கு. தனியா,” என்றார். எனக்கு மனது நிறைந்துவிட்டது. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“எனக்குன்னு தனி பாட்டில் குடுத்துக்கீறாங்கம்மா.”

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது. அதை மீறிக் குரலை உயர்த்தி அம்மா, “தனியாவா? ஏன் தனியா?” என்றாள்.

“மரியாதைக்குத்தாம்மா.”

“மரியாதன்னா கூட ஒக்கார வெச்சி குடுப்பாங்கடி. ஒனக்கு இன்னாத்துக்குத் தனி? நல்லா கேட்டுப் பாரு.”

சூப்பர்வைசர் வருகிறார் என்று போனை வைத்துவிட்டாள். அம்மாவுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் நான் விழுந்தேன். பெரிய ரேபிட் ஒன்றில் என் கயாக் கவிழ்ந்தது. கவிழ்ந்த கயாக்கை, இடுப்பைச் சட்டென்று முறுக்கி, உள்ளிருந்தபடியே நிமிர்த்த வேண்டும். அதற்கு ரோல் என்று பெயர். இரண்டு முறை முயன்றேன், நைல் இரண்டு முறையும் என்னைத் திருப்பிப் போட்டது. மூச்சு முடிந்து, படகைவிட்டு வெளியே நீந்தி வந்தேன். பபிரியே தன் கயாக்கின் பின்பிடியை நீட்டினாள். அதைப் பற்றிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தேன்.

கயாக் ஓட்டுபவர்களுக்கு உலகம் முழுக்க ஒரு சட்டம் உண்டு. படகைவிட்டு நீந்தியவர் அபராதம் கட்ட வேண்டும்: ஆற்றில் போடும் ஷூவில் பீர் ஊற்றி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். கட்டாவிட்டால் ஆறு மறுபடி விழ வைக்கும் என்று நம்பிக்கை. ரிஷிகேஷில் கேள்விப்பட்டிருக்கிறேன், அங்கே எனக்கு ஒருவரும் நீட்டவில்லை.

வைஸ்வா தன் ஷூவைக் கழற்றினார். மற்றவர்களுக்கு அவரவர் ஷூதான். முதல்முறை விழுந்த எனக்குத் தலைவரின் ஷூ, அது கௌரவம். “நான் குடிக்க மாட்டேன்,” என்றேன். “பபிரியேவும் பீர் குடிக்க மாட்டாள்,” என்று சிரித்து, இஞ்சி சோடாவை ஊற்றினார். எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. ஷூ முகத்துக்கு நேரே வந்தது. சுற்றிலும் கைதட்டல், “குடி, குடி!”

என் கை தானாகத்தான் எழுந்தது. ஓங்கித் தட்டிவிட்டேன். ஷூ பறந்து போய்த் தண்ணீரில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நைலோடு போய்விட்டது. அந்த ஆறு போய்ச் சேருவது மத்தியதரைக் கடலில்.

கைதட்டல் நின்றது. வைஸ்வா ஒற்றை ஷூவோடு நின்றார். நல்ல ஆற்று ஷூ அங்கே சுலபமாகக் கிடைக்காது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி, கிளம்புவோம்” என்று மட்டும் சொன்னார்.

லாரியின் பின்பக்கம் படகுகளுக்கு நடுவே உட்கார்ந்து திரும்பினோம். முன்னால் முகாசா உரக்கப் பேசுவது கேட்டது. லுசோகாவில் எனக்குப் புரிந்த ஒரே சொல் முயிந்தி. பபிரியேவிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவள் படகுக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். மறுபடி கேட்டேன்.

“‘முயிந்திகள் இப்படித்தான். அவங்க கடையில நாம வாங்கணும், நம்ம கையால அவங்க வாங்கிக் குடிக்க மாட்டாங்க. அவ நம்ம பாட்டில்லயே வாய் வைக்கல, ஷூவுலயா குடிப்பா?’ அப்படின்னு சொல்றார்,” என்றாள். பிறகு, “நானும் அப்படித்தான் நெனச்சேன், பவி,” என்றாள்.

லாரி குலுங்கிக்கொண்டே போனது. பாட்டிலில் வாய் படாமல் குடிப்பது அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவர்களுக்கு அது அருவருப்பாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் தனி பாட்டில் அதற்கான பதில். நான் அதைப் பெருமையாக வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் ஒரே நொடியில் புரிந்திருக்கிறது. புரியாமல் இருக்குமா?

எங்கள் ஆட்கள் ஏரிப் பாசன நிலங்களில் கூலிக்கு நின்றவர்கள். நிலத்துக்காரர் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா பத்து வயதில் அப்படி நடந்திருக்கிறார். தாகம் என்றால் குனிந்து இரண்டு கையையும் குவிக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். டீக்கடையில் தனி டம்ளர். செருப்பை வாய்க்கு நேரே நீட்டினால் எங்கள் வீட்டில் யாருடைய கையும் எழும். அது சரிதான். ஆனால் அந்த லாரியில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்று பார்த்தபோதுதான் வலித்தது. அவர்கள் கண்ணுக்கு நான் அந்த நிலத்துக்காரர் தெருவைச் சேர்ந்தவள்.

இதோடு தேர்வும் போய்விடும் என்று தெரிந்தது. ஆற்றில் ஒருவர் உயிர் இன்னொருவர் கையில். கூடக் குடிக்காதவளை நம்பி யார் தண்ணீரில் குதிப்பார்கள்?

மறுநாள் விடுமுறை. பபிரியேவை அழைத்துக்கொண்டு ஜிஞ்சா சந்தைக்குப் போனேன். வெளிநாடுகளிலிருந்து வந்த பழைய ஷூக்கள் மலையாகக் குவிந்திருந்தன. இரண்டு மணி நேரம் தோண்டி, நல்ல பிடிப்புள்ள ஆற்று ஷூ ஒரு ஜோடி எடுத்தோம். இரண்டும் ஒரே ஜோடிதானா என்று பபிரியே மூன்று முறை சோதித்தாள். திரும்பும்போது ஒரே போடாவில் ஓட்டுநர், அவள், நான், ஷூ. செம்மண் சேற்றில் பைக் மெதுவாக, மிக மரியாதையாகச் சாய்ந்தது. நாங்கள் எழுந்து பார்த்தபோது ஓட்டுநர் சேற்றில் கிடந்தபடியே, “முயிந்தி, வண்டி கழுவக் காசு நீதான் தரணும்,” என்றார். பபிரியே அவரிடம் லுசோகாவில் என்னவோ சொன்னாள். அவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்த நாள் மதியம், சாப்பாட்டுப் பாறையில், சேறு கழுவிய ஷூவை வைஸ்வா முன்னால் வைத்தேன். “உங்க ஷூவைத் தட்டிவிட்டது தப்பு. குடிக்காதது தப்பு இல்ல. ஏன்னு சொல்றேன்,” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையில் பிடித்த செருப்பு, குவித்த கை, தனி டம்ளர். எழுந்து நின்று குனிந்து கையைக் குவித்துக் காட்டினேன். வீட்டில் அப்பா ஒரே ஒருமுறை காட்டியது. யாரும் களியைத் தொடவில்லை.

“பாட்டில்ல வாய் வைக்காதது உங்களுக்காக. என் எச்சில் உங்களுக்கு வேண்டாம்னு.”

முகாசாதான் முதலில் பேசினார். “அப்ப உங்க அப்பாவுக்குக் கடை இல்லையா?”

“மூணு சக்கர வண்டி. அஞ்சு பேர் உக்கார்ற எடத்துல பத்துப் பேரை ஏத்துவார்.”

“மட்டாட்டு!” என்று முகாசா தொடையில் தட்டினார். “மட்டாட்டுக்காரர் மகளா நீ? அதை முதல் நாளே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க சூப்பர் மார்க்கெட் எதுன்னுதானே கேட்டீங்க.”

அந்தச் சிரிப்பில் பாதிக் கனம் இறங்கியது. வைஸ்வா மட்டும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குக் காரணம் புரியுது,” என்றார். “ஆனா ஆத்துக்குக் காரணம் தெரியாது. அபராதம் அபராதம்தான்.”

“கட்டறேன். வேற மாதிரி. விழற ஒவ்வொரு தடவையும், அன்னிக்கு நம்ம எல்லோர் கயாக்கையும் நானே மேல தூக்கிட்டுப் போறேன்.”

ஆற்றிலிருந்து லாரி நிற்கும் மேட்டுக்குச் செங்குத்தான செம்மண் ஏற்றம். ஒரு கயாக்கோடு ஏறினாலே நாக்குத் தள்ளும். வைஸ்வா மேட்டைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், சரி என்றார். அப்போது தண்ணீர் பாட்டில் வந்தது. என் தனி பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு அதை வாங்கினேன். உதட்டில் வைத்து, எல்லோரும் பார்க்க, நன்றாக வாய்வைத்துக் குடித்தேன். முகாசாவின் வெங்காய வாசனை அடித்தது. சொல்லவில்லை.

அந்த வாரமே மறுபடி விழுந்தேன். முதல் கயாக்கைத் தலையில் தூக்கியதும் மண்டை பிளப்பதுபோல வலித்தது. இறக்கி வைத்தேன். துண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகித் தலையில் வைத்தேன். சும்மாடு. செங்கல் சுமந்த காலத்தில் அம்மா தினமும் காலையில் செய்தது. ஐந்து வயதில் எனக்கு அது விளையாட்டுப் பொருள். அதன்மேல் கயாக்கை வைத்தபோது படகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

பபிரியே ஓடி வந்தாள். “என்கட்டா! இது எங்க என்கட்டா!” அவள் அம்மா வாழைநாரில் செய்வாராம், தண்ணீர் கேனுக்கு. அவள் என் துண்டை எடுத்துப் பிரித்து, தன் முறையில் சுற்றித் தந்தாள். அவளுடையது என்னுடையதைவிட இறுக்கமாக இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரங்களில் நான் பலமுறை விழுந்தேன், பலமுறை சுமந்தேன். பிறகு விழுவது குறைந்தது, ரோல் வந்தது. கழுத்தும் தோளும் பழைய சட்டைக்குள் நுழையாமல் போயின. ஒருநாள் அபூர்வமாகப் பபிரியே விழுந்தாள். முகாசா அவள் ஷூவில் சோடா ஊற்றப் போனார். அவள், “நானும் சுமக்கறேன்,” என்றாள். “எனக்கு அந்த ஷூ எப்பவுமே பிடிக்காது. யாரும் கேட்டதில்ல.” முகாசா சோடாவை வீணாக்காமல் தானே குடித்தார்.

தேர்வு நாள் வந்தது. அதில் ஒரு முறை உண்டு: அனுபவமுள்ள கைடுகளும் அணியின் பழைய ஆட்களுமே பயணிகளாக ஏறிக்கொண்டு, பயணிகள் செய்யும் எல்லா அக்கிரமத்தையும் செய்வார்கள். ஒருவர் காது கேளாதவர்போல உட்கார்ந்தார். ஒருவர் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தார். முகாசா, “எனக்கு நீச்சல் தெரியாது, அம்மா!” என்று ஒப்பாரி வைத்தார். வைஸ்வா போனை நீட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஆவடி நிறுத்தம் கண்ணில் வந்தது. அப்பா ஆட்களை உட்கார வைப்பதைப் பார்க்க வேண்டும். கனமானவரை எங்கே, ஒல்லியானவரை எங்கே, யார் முன்னால் தள்ளி, யார் பின்னால் சாய்ந்து. யாரையும் கேட்க மாட்டார், சொல்வார். நானும் கேட்கவில்லை. “முகாசா, இடது நடு. அவருக்கு எதிரே நீங்க ரெண்டு பேர். போன் உள்ளே. இல்லேன்னா படகு கெளம்பாது.” வைஸ்வா போனைப் பைக்குள் வைத்தார்.

மூன்றாவது ரேபிட்டில் ஒரு பக்கவாட்டு அலை ராஃப்டை அப்படியே தூக்கியது. இடது பக்கம் தண்ணீருக்குள் இறங்க, வலது பக்கம் வானத்துக்கு எழுந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் கவிழும். இதற்கு ஒரே மருந்து, எல்லோரும் உயரும் பக்கத்தின்மேல் பாய்ந்து விழுந்து அதை அமுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆட்டோவின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அப்பா, “அல்லாரும் இந்தாண்ட சாயி!” என்று ஒரு கத்துக் கத்துவார், முன்பின் தெரியாத பத்துப் பேரும் ஒரே உடம்பாகச் சாய்வார்கள். கத்தினேன். ஆங்கிலத்தில்தான் கத்தினேன், ஆனால் குரல் அப்பாவுடையது. முகாசாவின் முழு உடம்பும் வலது பக்கம் போய் விழுந்தது. ராஃப்ட் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தட்டென்று தண்ணீரில் உட்கார்ந்தது.

எண்ணிப் பார்த்தேன். ஒருவர் குறைந்தார். வைஸ்வா.

நடிக்கிறாரா, நிஜமா என்று யோசிக்க நேரமில்லை. நுரையில் ஹெல்மெட் தெரிந்தது. முன்னால் துடுப்புப் போடச் சொல்லி, ராஃப்டைத் திருப்பி, துடுப்பின் கைப்பிடியை நீட்டினேன். பிடித்தார். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகள் இரண்டையும் பற்றி, பின்னால் சாய்ந்து இழுத்தேன். கயாக்குகள் சுமந்த முதுகு. தொண்ணூறு கிலோ மனிதர் மீன்போல உள்ளே வந்து விழுந்து, நிறைய நைலைத் துப்பினார்.

“நடிப்புதானே?” என்றேன்.

“இல்ல,” என்றார் இருமியபடி.

கரையில் யாரும் என் தேர்வு முடிவைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருடைய கண்ணும் வைஸ்வா மேல். தலைவர் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். “சுமக்கறீங்களா?” என்று கேட்டேன். அவர் மேட்டைப் பார்த்தார். பிறகு நான் வாங்கிக் கொடுத்த ஷூவைக் கழற்றினார். முகாசா நுரை பொங்கப் பீர் ஊற்றினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்து, “பழைய ஷூவைவிட ருசி,” என்றார். அதே மூச்சில், “நாளைக்கு உன் ராஃப்ட்ல ஆறு பேர். ஒன்பது மணிக்கு,” என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தேன். மூன்று மாதமாகச் சொல்லாத “தேறினால்” என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னேன். அம்மா, “தெரியும்டி. கைடு வேலைன்னு சொல்லச்சொல்ல உன் கொரலு எறங்கினே போச்சி,” என்றாள். பிறகு, “அந்த பாட்டிலு?” என்றாள். ஒரே பாட்டில்தான், எல்லோரும் வாய்வைத்துத்தான் குடிக்கிறோம் என்றேன். “அப்ப சரி.”

பக்கத்தில் மாமா குரல் கேட்டது. “எத்தினி பேர ஏத்துவ நீ?”

“ஆறு பேர், மாமா.”

“அவ்ளோதானா? உங்கப்பன் பத்து பேர ஏத்துறான்.” கொஞ்சம் விட்டு, “ஆத்துத் தண்ணி எம்மாம் லோடு இருக்கும்?” என்றார். உங்க லாரியால் அளக்க முடியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை; நிஜமாகவே லோடுக் கணக்கை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது வெள்ளானூரில் இருக்கிறேன். அடுத்த சீசனுக்கு வைஸ்வா என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். இந்த முறை புதிதாக வரும் நான்கு பேருக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா பழைய புடவைகளைக் கிழித்து, முறுக்கி, தைத்துச் சும்மாடு செய்துகொண்டிருக்கிறாள். அணிக்கு ஆளுக்கொன்று. பபிரியேவுக்கு மட்டும் தனியாக, ஜரிகை வைத்தது. “அவ சுத்துறதவிட இது இறுக்கமாக் கீதா பாரு,” என்று என் தலையில் வைத்து அழுத்திப் பார்க்கிறாள்.

நேற்று அந்த நான்கு பேருக்கும் முதல் கடிதத்தை அனுப்பினேன். என்ன உடை, எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதற்கெல்லாம் முன்னால், முதல் வரியாக இதை எழுதினேன்: “ஆற்றில் விழுந்தால் அபராதம் உண்டு. ஷூவில் ஊற்றிக் குடிக்கலாம், அல்லது கயாக்குகளை மேட்டுக்குச் சுமக்கலாம். எது என்று நீங்களே சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.”